லாரி கியர் பாக்ஸ், கிளட்ச் வேலை: நல்ல சாமான் பார்த்து வாங்க ஒரு வழிகாட்டி

லாரியின் கியர் பாக்ஸை ஒரு தடவை இறக்கி ஏற்றுவதே பெரிய வேலை. போட்ட சாமான் சரியில்லை என்று அதே பெட்டியை இரண்டாவது தடவை இறக்க நேர்ந்தால் கூலி, ஆயில், போன லோடு, நிற்காமல் ஓடும் தவணை என்று எல்லாமே சேர்ந்து அழுத்தும். நாமக்கல், சங்ககிரி பக்கம் முதல் லாரி வாங்கி ஓட்டுகிற பலரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்தக் கம்பெனி சாமான் போடலாம்?” என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இருந்த சாமான் ஏன் போனது? அது தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், பழையதைக் கெடுத்த அதே கோளாறு புதியதையும் கெடுக்கும். இந்தக் கட்டுரையை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். டாடா, அசோக் லேலண்ட் வண்டிகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். மற்ற வண்டிகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

இறக்குவதற்கு முன்

முதலில், பெட்டியை இறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். கியர் விழாமல் ‘கரகர’ என்று கடிக்கிறது, ரிவர்ஸ் போட்டாலே சத்தம் வருகிறது என்றால் பலர் உடனே கிளட்ச் செட் விலை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். கிளட்ச் முழுதாக விடுபடாமல் இருந்தாலும் இதேதான் நடக்கும். அதற்குக் காரணம் மாஸ்டர் சிலிண்டரில் கசிவாக இருக்கலாம், மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் கிளட்ச் பூஸ்டராக இருக்கலாம், லைனில் காற்று புகுந்திருக்கலாம், பெடல் ஃப்ரீ பிளே (மிதித்ததும் வெறுமனே போகும் தூரம்) மாறியிருக்கலாம். இவை எல்லாம் வெளியிலிருந்தே சரி செய்யக்கூடியவை.

கிளட்ச் சிலிப் ஆவது வேறு மாதிரி தெரியும். லோடோடு சேலத்திலிருந்து தர்மபுரிப் பக்கம் தொப்பூர் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. கூடவே கருகிய வாடை வரும். பெடல் ஃப்ரீ பிளே சரியாக இருந்தும் இப்படியென்றால் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

சத்தத்தை வைத்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். அப்போது ஒரு இரைச்சல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் நின்றுவிட்டால் கோளாறு பெட்டிக்குள்: இன்ஜினிலிருந்து சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்டின் பேரிங், அதற்கு இணையாக ஓடும் லே ஷாஃப்டின் பேரிங் இரண்டையும் சந்தேகப்படலாம். நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் அல்லது இன்ஜின் பின்பக்கச் சக்கரமான ஃப்ளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் சத்தம் என்றாலோ, ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் அந்த கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்தாலோ, அந்த கியரையும் அதைப் பூட்டும் ஸ்லீவையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்த பிறகு சத்தம் கேட்க முடியாது.

பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள்

புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான். ஆயில் இறக்கும் நேரத்திலிருந்து பட்டறையில் இருங்கள். ட்ரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மசி மாதிரி ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. பித்தளை நிறத் துகள் காந்தத்தில் ஒட்டாது, ஆயிலில் மின்னும். அது கியர் கடிக்காமல் விழ உதவும் சின்க்ரோ ரிங் தேய்ந்ததற்கு அடையாளம்.

பிரித்த சாமான்களை டீசலில் கழுவி வரிசையாகப் பரப்பச் சொல்லுங்கள். கழுவாத சாமானைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. கியர் பல்லின் முகத்தில் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கிறதா பாருங்கள். கியரின் பக்கவாட்டில் ஸ்லீவ் வந்து பூட்டிக்கொள்ளும் சின்னப் பற்களைப் பாருங்கள். அவற்றின் முனை மழுங்கி உருண்டிருந்தால் கியர் கழலும். அந்தப் பற்கள் போயிருந்தால் ஸ்லீவும் போயிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். “அண்ணே, இந்த ஒரு கியர் மட்டும் போட்டுப் பார்ப்போமே” என்று கேட்கத் தோன்றும். ஒன்றோடொன்று சேர்ந்து தேய்ந்த பற்களில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் ஊளைச் சத்தம் வரும், புதுப் பல்லும் சீக்கிரம் கெடும். லே ஷாஃப்டில் அதற்கு ஜோடியாக ஓடும் கியரின் நிலைமையைப் பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவை எடுக்க வேண்டும்.

பேரிங் உட்காரும் ஹவுசிங் துளையை விரலால் தடவிப் பாருங்கள். பேரிங்கின் வெளி வளையம் உள்ளே சுற்றியிருந்தால் துளை பளபளவென்று தேய்ந்து பெரிதாகியிருக்கும். அதில் எந்த நாட்டு பேரிங் போட்டாலும் நிற்காது. நல்ல லேத் பட்டறையில் புஷ் அடித்து அளவுக்குக் கடைய வேண்டும், இல்லையென்றால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும்.

கிளட்ச் பக்கம் வந்தால், பிளேட்டில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் கிரான்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலோ கியர் பாக்ஸின் முன்பக்க சீலோ கசிகிறது. சில நூறு ரூபாய் சீலை விட்டுவிட்டு முழு கிளட்ச் செட்டை மாற்றினால், அந்தப் புது செட்டும் ஆயிலில் நனைந்து வழுக்கும். ஃப்ளைவீல் முகத்தில் நீல நிறத் திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் இருந்தால் அது சூடு தாங்காமல் வந்தவை. லேசாக இருந்தால் கடைந்து எடுக்கலாம், ஆழமாக இருந்தால் ஃப்ளைவீலை மாற்றத்தான் வேண்டும்.

எண்களை எடுத்துக்கொள்வது

சாமான் வாங்க வண்டியின் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடல் வண்டிக்கு வருடத்துக்கு ஒரு மாதிரி கிளட்ச் வந்திருக்கும், ஒரே பெட்டியில் வேறு வேறு பல் எண்ணிக்கை இருக்கும். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் 17 இலக்க சேசிஸ் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டாடா வண்டிக்கு அது எம்ஏடி என்றும் லேலண்டுக்கு எம்பி1 என்றும் ஆரம்பிக்கும். ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டரில் இந்த எண்ணைக் கொடுத்தால் அந்த வண்டிக்கு உரிய பார்ட் நம்பரைக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வார்கள்.

ஆனால் செகண்ட்ஸில் வாங்கிய வண்டி என்றால் சேசிஸ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். முந்தைய ஓனர் பெட்டியையே மாற்றியிருக்கலாம். கியர் பாக்ஸ் உடம்பில் இருக்கும் சின்னத் தகட்டைத் துடைத்து அதில் இருக்கும் மாடலையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுங்கள். கியர்களில் பல்லை எண்ணி எழுதுங்கள். கிளட்ச் பிளேட்டுக்கு வெளி விட்டம், மையத்தில் இருக்கும் ஹப்பின் உள் பள்ளங்களின் எண்ணிக்கை, ஹப்பின் உள் விட்டம் மூன்றும் வேண்டும். லாரிகளில் 352, 380, 395, 430 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் ஓடுகின்றன; 380-க்கும் 395-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய சாமானையே ஒரு சாக்கில் கட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். போன் பேசி ஆர்டர் பண்ணுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது

எல்லாவற்றையும் ஷோரூமிலேயே வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் இருக்கும் பணத்தை எங்கே போட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

கியர், ஷாஃப்ட், சின்க்ரோ செட்: இவற்றை வண்டிக் கம்பெனியின் பெயரில் வருவதாகவே வாங்குங்கள். டாடாவுக்கு டாடா ஜெனுயின் பார்ட்ஸ், லேலண்டுக்கு லேபார்ட்ஸ். கியரின் தரம் உள்ளே இருக்கும் இரும்பிலும் அதைச் சூட்டில் கடினப்படுத்திய விதத்திலும் இருக்கிறது. கடையில் நின்று பார்த்தால் லோக்கல் கியரும் இதே மினுமினுப்பில்தான் இருக்கும்.

கிளட்ச் செட்டுக்கு வண்டிக் கம்பெனி டப்பாவிலும் வாங்கலாம், கிளட்ச் செய்கிற கம்பெனியின் சொந்த டப்பாவிலும் வாங்கலாம். லைப், வேலியோ, சாக்ஸ், லுக் ஆகிய பெயர்கள் கவுண்டரில் அதிகம் கேட்கும். சரியான பார்ட் நம்பராக இருந்தால் இதில் தயங்க வேண்டியதில்லை. கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தயாரிப்பில் செட்டாக வாங்குங்கள். பழைய பிளேட்டுக்குப் புது ஃபேசிங் (உராயும் மேற்பரப்பு) அடித்துத் தருவது இன்னமும் நடக்கிறது. உள்ளூரில் சின்ன நடை ஓட்டும் வண்டிக்கு அவசரத்துக்கு ஓடலாம். மலை ஏறும் வண்டிக்கு, டேங்கருக்கு, போர்வெல் ரிக் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். ஹப்பும் ஸ்பிரிங்கும் ஏற்கெனவே களைத்திருக்கும்.

பேரிங்கை பேரிங் கடையிலேயே வாங்கலாம். எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்பிசி, டிம்கன், என்டிஎன், டாடா பேரிங்ஸ் எல்லாம் நல்லவைதான். ஆயில் சீல், பேக்கிங், சர்க்ளிப், பூட்டு நட், டேப் வாஷர் இவற்றைப் பழையதைத் திரும்பப் போடாமல் மொத்தமாகப் புதிதாக வாங்குங்கள். மொத்தச் செலவில் இவை மிகச் சின்னப் பங்கு.

செகண்ட்ஸ் சாமானில் ஹவுசிங், பெல் ஹவுசிங், மேல் மூடி, லீவர் பாகங்கள் வாங்கலாம். சென்னையில் என்றால் புதுப்பேட்டை இதற்குப் பேர் போன இடம். விரிசல், வெல்டிங் தடம், பேரிங் துளை மூன்றையும் வெயிலில் வைத்துப் பாருங்கள். பழைய பேரிங், சின்க்ரோ, கிளட்ச் ஆகியவற்றை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள். பெட்டி முழுக்கவே சேதமாகியிருந்தால், டாடாவில் ப்ரோலைஃப் என்று பழையதைக் கொடுத்துவிட்டுக் கம்பெனி புதுப்பித்ததை எடுக்கும் முறை இருக்கிறது. உதிரி உதிரியாக வாங்கும் கணக்கையும் அதன் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டி நிற்கும் நாள் குறைவது அதில் பெரிய லாபம்.

கவுண்டரில் நின்று பார்க்க வேண்டியவை

பேரிங்கில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதில் டூப்ளிகேட் நிறையப் புழங்குகிறது. உதாரணத்துக்கு 6310 என்ற பேரிங். கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள் விட்டம் வரும்: 10-ஐ 5-ஆல் பெருக்க 50 மில்லிமீட்டர். வெளி விட்டம் 110, அகலம் 27. இது உலகம் முழுக்க ஒரே அளவு. ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி சற்று அதிகம். சூட்டில் விரியும்போது இறுகாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். என்ஆர் என்றால் வெளி வளையத்தில் பள்ளமும் அதில் ஒரு வளையக் கிளிப்பும் இருக்கும். பேரிங் ஹவுசிங்கில் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது அந்தக் கிளிப்தான். பழையதில் 6310 என்ஆர் சி3 என்று இருந்தால் வெறும் 6310 வாங்கி வரக் கூடாது, “எல்லாம் ஒன்றுதான்” என்று கடையில் சொன்னாலும் சரி.

பேரிங்கில் பொறித்த எழுத்தும் டப்பாவில் அச்சடித்த எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். பொறிப்பு சீராக, ஒரே ஆழத்தில் இருக்கும். தேய்த்து அழித்து மேலே மறுபடி எழுதிய தடம் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எஸ்கேஎஃப் ஆதென்டிகேட், ஷேஃப்லர் ஒரிஜின்செக் என்று அந்தந்தக் கம்பெனிகளின் செயலிகள் போனில் இருக்கின்றன. எஃப்ஏஜி, லுக் இரண்டும் ஷேஃப்லரின் பெயர்கள்தான். கடையிலேயே ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். நியாயமான கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கிளட்ச் பிளேட்டைச் சரிபார்க்க இன்புட் ஷாஃப்டையே எடுத்துப் போவது நல்லது. ஷாஃப்டை நிமிர்த்திப் பிடித்துப் பிளேட்டை மேலே விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இடையில் நின்றால் பொருத்தம் இறுக்கம். இறங்கியபின் இரண்டு கையாலும் பிளேட்டைப் பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். ஹப் ‘லொடலொட’ என்று ஆடினால் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (நீளவாட்டுப் பள்ளங்கள்) தேய்ந்திருக்கிறதா, பிளேட் தவறா என்று பார்க்க வேண்டும். ஃபேசிங்கில் விரிசல் இருக்கக் கூடாது. ரிவெட் தலைகள் ஃபேசிங் மட்டத்துக்கு நன்றாகக் கீழே பதிந்திருக்க வேண்டும். மேலே துருத்தினால் ஃப்ளைவீலைக் கீறும். பிரஷர் பிளேட்டில் நடுவில் வட்டமாக நிற்கும் விரல்களின் மேல் ஒரு நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

கியர் உண்மையிலேயே கடினப்படுத்தியதா என்று பார்க்கப் பழைய மெக்கானிக்குகள் அரம் வைத்துப் பார்ப்பார்கள். வேலை செய்யாத ஓரத்தில் மெதுவாக இழுத்தால், நல்ல கியரில் அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். மெத்தென்ற கியரில் அரம் கடித்துத் தூள் விழும். கடைக்காரர் சம்மதம் இல்லாமல் செய்ய வேண்டாம். செய்தாலும் பல்லின் முகத்தில் அரம் படவே கூடாது.

சின்க்ரோ ரிங்கை அதன் கியர் கோனில் வைத்துக் கையால் அழுத்தித் திருப்பினால் பிடித்துக்கொள்ள வேண்டும். ரிங்குக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகள் உள்ள அளவுகோல்) அளந்து சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். ஆயில் சீலில் உதட்டின் திசை, சுழற்சி அம்புக்குறி, உள் விட்டம், வெளி விட்டம், அகலம் ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.

பில், டப்பா, திருப்பிக் கொடுப்பது

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பில் போடாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பதில் முன்பு இருந்த கவர்ச்சிகூட இப்போது இல்லை. பில்லில் பார்ட் நம்பரும் பிராண்ட் பெயரும் எழுதச் சொல்லுங்கள். ‘கிளட்ச் செட் 1’ என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து வாரண்டி கேட்க முடியாது. கடையின் ஜிஎஸ்டி எண் 15 இலக்கம் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் ஆரம்பிக்கும். டப்பாவில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு விவரம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் வருட பாக்கெட் பொருள் விதி. இவற்றில் எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, மேலே ஒட்டிய விலை ஸ்டிக்கர் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அளவு பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார்கள் என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கிரீஸ் பட்டு, மாட்டிக் கழற்றிய சாமானை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பது உங்கள் பொறுப்பு.

டூப்ளிகேட் கொடுத்து ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. தொழிலுக்காக வாங்கியது என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள் என்று ஒற்றை வண்டி ஓனர்கள் பயப்படுகிறார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே எடுத்துக்கொள்கிறது. தைரியமாகக் கேளுங்கள்.

மாட்டும்போது

நல்ல சாமான் பட்டறையில் வைத்துக் கெடுவதும் உண்டு. புது ரிலீஸ் பேரிங்கை டீசலில் கழுவக் கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போகும். ஃப்ளைவீல் முகத்தைக் கடையும்போது, பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு வேறு மட்டத்தில் இருக்கும் வகையாக இருந்தால் அதையும் அதே அளவு கடைய வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் குறைந்து புது கிளட்ச்சும் வழுக்கும். பிளேட்டில் ‘ஃப்ளைவீல் பக்கம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மாட்ட வேண்டும். நடு மையம் பார்க்கப் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிக்கொண்டு, போல்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பெட்டியை ஏற்றும்போது அதன் எடையைப் பிளேட்டின் ஹப்பில் தொங்கவிடவே கூடாது. ஹப் வளைந்தால் கிளட்ச் விடுபடாது, கியர் கடிக்கும். ஜாக்கிலேயே தாங்கி, போல்டு முழுக்க இறுகும்வரை விடக் கூடாது.

ஆயில் வண்டிப் புத்தகத்தில் சொன்னபடிதான். பித்தளை சின்க்ரோ இருக்கும் பல பெட்டிகளுக்கு 80டபிள்யூ-90 (கெட்டித் தன்மை), ஜிஎல்-4 (ஆயில் தரம்) என்று இருக்கும். பின் ஆக்ஸில் கிரவுனுக்கு வாங்கிய ஜிஎல்-5 மிச்சம் இருக்கிறது என்று அதை ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் சேர்க்கைப் பொருள்களில் சில பித்தளையை அரிக்கும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் பாதி கிளட்ச்சில் காலை வைத்து ஓட்டாமல், மேட்டில் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் ஓட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு தடவை ட்ரெயின் பிளக்கைக் கழற்றிக் காந்தத்தைப் பாருங்கள். புதுச் சாமான்களின் பார்ட் நம்பரையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லோடும் டப்பா லேபிளின் போட்டோவோடும் வண்டி ஃபைலில் வையுங்கள். காலி டப்பாக்களைப் பட்டறையில் விட்டு வராதீர்கள். அவற்றை வாங்கி டூப்ளிகேட் அடைத்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். லேபிளோடு சேர்த்துக் கிழித்துப் போடுங்கள்.